கோயில் குளத்தில் சாயக்கழிவு: மனுவில் பக்தியை எங்கே வைப்பது, அளவீட்டை எங்கே வைப்பது?

கேள்வி – வடகரை

வணக்கம். கோயில் தெப்பக்குளம், அதற்கு வரும் வாய்க்கால், வாய்க்காலின் மேல்பகுதியில் சாய ஆலை. ஆலையோ ‘ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை’ என்று அனுமதி வாங்கியது. குளத்து நீர் நிறம் மாறுகிறது, கரையோர ஆழ்துளைக் கிணறுகள் உப்புக் கரிக்கின்றன. இது பல ஊர்களில் உள்ள நிலைமைதான், அதனால் ஊர்ப் பெயர், ஆலைப் பெயர் வேண்டாம்.

இப்படிப்பட்ட ஊர்களில் போராட்டக் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ‘தீர்த்தம் கெட்டுவிட்டது, சாமி குத்தம் என்றே மனு எழுதுவோம், அப்போதுதான் சனம் திரளும்’ என்பது ஒரு தரப்பு. ‘சாமியை இழுத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார், ஆய்வக அறிக்கை மட்டும் போதும்’ என்பது மறு தரப்பு. என் கேள்விகள் மூன்று.

1. நீர் மாதிரியை எப்படி எடுத்தால் அது தள்ளுபடியாகாமல் நிற்கும்?
2. நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் உண்டா?
3. ஆலை நிர்வாகம் கோயில் திருப்பணிக்குப் பெரிய தொகை தருகிறேன் என்று வந்தால் என்ன செய்வது?

பதில் 1 – சோதனைக்குழாய்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

மாதிரி எடுப்பதற்கு முன்பு ஒரு கசப்பான வேலை இருக்கிறது. குளத்துக்குள் பக்தர்கள் போடுவதை முதலில் கணக்கெடுங்கள். பால் அபிஷேகத் தண்ணீர், எண்ணெய், மாலை, திருவிழா முடிந்து கரைக்கும் விநாயகர் சிலை, படித்துறையில் துவைக்கும் சோப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுக்கப்போவது இதைத்தான். சிலைகளில் பூசும் மலிவு பெயிண்டில் ஈயமும் குரோமியமும் இருக்கலாம். பாலும் பூவும் அழுகினால் பி.ஓ.டி. (கழிவை மக்கவைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) ஏறும். ஆகவே ‘குளத்தில் ஈயம் இருக்கிறது, பி.ஓ.டி. அதிகம்’ என்று நீங்கள் எழுதும் அறிக்கை, ‘உங்கள் சதுர்த்திதான் காரணம்’ என்ற ஒரே வரியில் விழுந்துவிடும்.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. சாயப்பட்டறையின் கைரேகை உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற சாதா உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்) மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள், பிறகு சோடா ஆஷ். துணியில் ஏறாமல் மிஞ்சிய சாயத்தோடு அந்த உப்பு முழுவதும் கழிவில் வந்துவிடும். எனவே சோடியம், குளோரைடு, சல்பேட், நிறம், சி.ஓ.டி. (கழிவை ரசாயன முறையில் ஆக்சிகரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஆகிய ஐந்தையும் கட்டாயம் கேளுங்கள். அபிஷேகப் பால் சல்பேட்டை ஏற்றாது. இன்னொன்று, பி.ஓ.டி.க்கும் சி.ஓ.டி.க்கும் உள்ள விகிதம். பால், பூ, சாக்கடை போன்றவை எளிதில் மக்குபவை, அவற்றில் விகிதம் 0.5 பக்கம் நிற்கும். சாயக்கழிவு சுலபத்தில் மக்காது, 0.3-க்குக் கீழே இறங்கும். ஒரு எண்ணை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள், எண்களின் கூட்டை வைத்துச் சொல்லுங்கள்.

எங்கே எடுப்பது? குறைந்தது ஐந்து இடம்: ஆலைக்கு மேலே வாய்க்காலில், ஆலைக்குக் கீழே, குளத்து மடைவாயில், குளத்தின் நடுவில், படித்துறையில். மேலே எடுக்கும் மாதிரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ‘இந்த வட்டாரத் தண்ணீரே இப்படித்தான்’ என்ற பதிலுக்கு எதிர்ப்பதில் கிடையாது. சேற்றையும் எடுங்கள், மேலடுக்கு 5 செ.மீ. மட்டும், பிளாஸ்டிக் கரண்டியால். எவர்சில்வர் கரண்டியிலேயே குரோமியமும் நிக்கலும் இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். ஈயம் படித்துறைச் சேற்றில் அதிகம், மடைவாய்ச் சேற்றில் குறைவு என்றால் அது சிலைப் பெயிண்டின் வேலை. நேர்மாறாக இருந்தால் வாய்க்கால் வழியே வந்தது.

எப்போது எடுப்பது? திருவிழாவுக்கு முன்பு ஒருமுறை, முடிந்து மூன்று வாரம் கழித்து ஒருமுறை. கரைந்த ஆக்சிஜனை விடியலுக்கு முன் அளக்க வேண்டும். பாசி படர்ந்த குளத்தில் பகல் வெயிலில் அது தாறுமாறாக ஏறும், மத்தியானம் எடுத்த எண் குளம் நலமாக இருப்பதாகப் பொய் சொல்லும்.

ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டதும் பிடிக்காதீர்கள். குழாயில் தேங்கிய நீர் அது. 6 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 20 மீட்டர் நீர் இருந்தால் 360 லிட்டர், அதைப்போல் மூன்று மடங்கு வெளியேற்ற வேண்டும். தினமும் ஓடும் கிணறு என்றால் அவ்வளவு தேவையில்லை, மீட்டரில் மின்கடத்துதிறன் (நீரில் உப்பு கூடக் கூட ஏறும் எண்) அடுத்தடுத்து மூன்று தடவை ஒரே எண் காட்டும்வரை ஓடவிட்டால் போதும்.

கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனா டி.டி.எஸ்ஸை (நீரில் கரைந்த திடப்பொருளின் மொத்த அளவு) அளப்பதில்லை. மின்கடத்துதிறனை அளந்து 0.5 அல்லது 0.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. இரண்டு பேர் இரண்டு பேனா கொண்டுவந்தால் இரண்டு டி.டி.எஸ். வரும். மின்கடத்துதிறனையே எழுதுங்கள். 1413 மைக்ரோசீமன்ஸ் திரவத்தில் காலையில் சரிபார்த்து, அந்த எண்ணையும் நோட்டில் குறித்துவையுங்கள். பி.ஹெச். மீட்டருக்கு 4, 7, 10 என மூன்று பஃபர் (பி.ஹெச். எண் தெரிந்த சரிபார்ப்புத் திரவம்).

பாட்டில்தான் அதிகம் சொதப்பும் இடம். உலோகத்துக்கு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், நைட்ரிக் அமிலம் விட்டு பி.ஹெச். 2-க்குக் கீழே. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் (அதன் நச்சு மிக்க வடிவம்) வேண்டுமென்றால் தனி பாட்டில், அதில் அமிலம் கூடாது, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போக வேண்டும். சி.ஓ.டி.க்கு சல்ஃப்யூரிக் அமிலம். பி.ஓ.டி.க்கு எதுவுமே விடக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுப்பது நல்லது. கலங்கிய நீரை வடிகட்டாமல் அமிலம் விட்டால் களிமண்ணில் ஒட்டியிருக்கும் உலோகமெல்லாம் கரைந்து வரும், எண் ஏறும், ‘மண்ணில் இருப்பதுதானே’ என்பார்கள். ஒன்று 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக, ஒன்று வடிகட்டாமல், இரண்டும் கொடுங்கள். கூடவே ஒரு வெற்று மாதிரி: அதே இடத்தில், அதே கையால், காய்ச்சி வடித்த நீரை அதே வகை பாட்டிலில் ஊற்றி மூடி அனுப்புவது. அதில் ஈயம் வந்தால் அத்தனை மாதிரியும் சந்தேகம்.

ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிற்காதீர்கள். நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கண்டறியும் வரம்பையும் முன்கூட்டியே கேளுங்கள். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) 0.01 மி.கி./லிட்டர். ஆய்வகக் கருவி 0.05-க்குக் கீழே பார்க்காது என்றால் ‘கண்டறியப்படவில்லை’ என்று வரும் அறிக்கை வெறும் தாள்.

பதில் 2 – மதகடி

மேலே சொன்னதில் ஒரு சேர்க்கை. மழை இரவுதான் முக்கியமான நேரம். தொட்டியில் தேக்கிய கழிவை மழையோடு மழையாகத் திறந்துவிடுவது பழைய உத்தி. மழைநீர் வாய்க்காலில் சேர்ந்தால் மின்கடத்துதிறன் இறங்கத்தான் வேண்டும். மழை வலுக்க வலுக்க எண் ஏறினால், மேலே யாரோ மதகைத் தூக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆலைக்கு மேலேயும் கீழேயும், இரண்டு பேர் கையெழுத்தோடு. ஆலைக்குள் காலை வைக்காதீர்கள், பொதுப் பாலத்தில் நின்றே செய்யலாம். அத்துமீறல் வழக்கு ஒன்று விழுந்தால் தண்ணீர் வழக்கு பின்னால் போய்விடும்.

நாற்றமும் அடித்தால் நாற்ற நோட்டு போடுங்கள்: தேதி, நேரம், காற்றுத் திசை, என்ன மாதிரி நாற்றம், 0 முதல் 5 வரை கடுமை. கடலூர் சிப்காட் சுற்றுவட்டாரத்தில் 2004-இல் ஊர்மக்களே வாளியும் டெட்லார் பையும் (வாயு கசியாத பிளாஸ்டிக் பை) வைத்துக் காற்று மாதிரி எடுத்தார்கள். மூடிய வாளிக்குள் பை இருக்கும், வாளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நுழையும், அவ்வளவுதான் நுட்பம். காற்றுத் திசை பார்க்க ஊதுபத்தி கொளுத்துவார்கள், சரிதான். ஆனால் பையைத் திறக்கும்போது அது பக்கத்தில் புகையக்கூடாது. ஊதுபத்திப் புகையிலேயே பென்சீன் இருக்கிறது. சன்னிதி வாசலில் சாம்பிராணி நேரத்தில் எடுத்த காற்று மாதிரியை யாரிடமும் காட்ட முடியாது.

பதில் 3 – மனுநீதி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘சாமியா, சோதனையா’ என்று பிரித்துக்கொண்டு சண்டை போடுவதே தப்பு. நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கென்று ஒரு முகவரி இருக்கிறது, அங்கே போய்த்தான் கதவைத் தட்ட வேண்டும்.

எல்லாரும் சொல்லும் உதாரணம் ஒடிசாவின் நியம்கிரி. மலையே நியம் ராஜா என்று வணங்கும் டோங்ரியா கோந்த் மக்கள், அந்த மலையுச்சியில் பாக்சைட் எடுக்க வந்த திட்டம். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18-இல் தந்த தீர்ப்பைச் சாமிக்கும் கம்பெனிக்கும் இடையில் சாமிக்குக் கிடைத்த வெற்றியாகப் பேசுகிறார்கள். அது அப்படியில்லை. அந்த மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதை கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது நீதிமன்றம். 2006 வன உரிமைச் சட்டம் அடியில் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்த ஜூலை, ஆகஸ்டில், மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க, ராயகடா, களஹாண்டி மாவட்டங்களின் 12 கிராம சபைகள் கூடின. 12-உம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. நம்பிக்கை அங்கே தீர்மானமாகப் பதிவானது, அதனால் நின்றது.

சமவெளியில் இருக்கும் தெப்பக்குளத்துக்கு அந்தத் தீர்ப்பை அப்படியே ஒட்டினால் ஒட்டாது. வன உரிமைச் சட்டம் இங்கே பொருந்தாது. இங்கே கதவு வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டை வைத்து வகைப்படுத்துகிறது. மக்கள் இறங்கிக் குளிக்கும் நீர் என்றால் ‘பி’ வகை: பி.ஹெச். 6.5 முதல் 8.5, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி. 3 மி.கி.யைத் தாண்டக்கூடாது. ‘தீர்த்தம் புனிதமானது’ என்று எழுதினால் நீதிமன்றம் மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போகும். ‘ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இத்தனை பேர் இறங்கி நீராடும் குளம், ஆகவே குளிநீர்த் தரம் இதற்குப் பொருந்தும், அளவீடு இதோ’ என்று எழுதினால் அதே பக்தி இப்போது அளவுகோலைத் தீர்மானிக்கிறது. இந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார வேண்டும்.

கோயில் கணக்கு நோட்டையும் பாருங்கள். எந்த வருடத்திலிருந்து அபிஷேகத்துக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள்? எந்த வருடம் தீர்த்தவாரி குளத்தை விட்டுக் குடத்து நீருக்கு மாறியது? அந்த ரசீது, தண்ணீர் எப்போது கெட்டது என்பதற்கான எழுத்துச் சாட்சி. ஆய்வகத்தால் பத்து வருடம் பின்னால் போய் மாதிரி எடுக்க முடியாது, கோயில் ரசீது போகும்.

இதில் ஒரு கத்தியும் இருக்கிறது, கவனம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 14-ஆம் பிரிவில் மனு என்றால், பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். ‘எட்டு வருடமாக லாரித் தண்ணீர்’ என்று நீங்களே ரசீது காட்டினால் காலம் கடந்தது என்பார்கள். நிவாரணம், சேதத்தைச் சரிசெய்தல், நீர்நிலையை மீட்டல் கேட்கும் 15-ஆம் பிரிவுக்கு 5 வருடம். எந்தப் பிரிவு, எந்த நாள் என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்த பிறகே ரசீதை இணையுங்கள். நட்ட ஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், கேட்டால் தொகையில் 1 சதவீதம். தென் மண்டல அமர்வு சென்னையில்.

நீங்கள் எடுக்கும் மாதிரி ஆலை மீது குற்ற வழக்குக்குச் சான்றாகாது. 1974 நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு எடுத்தால்தான் அதற்கு ஆகும். ஆனால் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளால் கட்டுப்பட்டதல்ல. உங்கள் அறிக்கையைப் பார்த்து ஒரு கூட்டுக் குழுவை அனுப்பினாலே போதும், உங்கள் மாதிரியின் வேலை முடிந்தது.

அதே நீர்ச் சட்டத்தின் 25(6)-ஆம் பிரிவை யாரும் பயன்படுத்துவதே இல்லை. ஆலைக்கு வாரியம் விதித்த நிபந்தனைகளின் பதிவேட்டை, அந்தக் கழிவால் பாதிக்கப்படும் எவரும் பார்க்கலாம். முதலில் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் அதைக் கேளுங்கள். தர மறுத்தால் 10 ரூபாய் ஒட்டித் தகவல் உரிமை மனு, 30 நாள். நிபந்தனையே தெரியாமல் ‘மீறிவிட்டார்கள்’ என்று எழுதும் மனுக்கள்தான் குப்பைக்குப் போகின்றன.

பதில் 4 – கல்தூண்

மனுநீதி சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பக்தியை வெறும் அளவுகோலாகச் சுருக்கிவிடுவதா? ஜப்பானின் மினமாட்டாவில் வேறு மாதிரி நடந்தது.

அசெட்டால்டிஹைடு தயாரிக்க வினையூக்கியாகப் பாதரசம் பயன்படுத்திய சிஸ்ஸோ ஆலை, கழிவைக் கடலில் விட்டது. மெத்தில் பாதரசம் மீன் வழியே மனிதரின் நரம்புக்கு ஏறியது. நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது 1956-இல். ஆலை மருத்துவமனையின் சொந்த மருத்துவர் ஹோசொகாவா, 1959-இல் ஆலைக் கழிவைத் தீனியில் கலந்து பூனைக்குக் கொடுத்தார். 400-ஆம் எண் பூனை. அதற்கும் நோயாளிகளுக்கு வந்த அதே வலிப்பு. நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. அதே ஆண்டு இறுதியில் ஆடம்பரமாகத் திறந்துவைத்த சுத்திகரிப்புக் கருவி, கரைந்த கரிமப் பாதரசத்தை நீக்கும்படி அமைக்கப்பட்டதே இல்லை. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-இல். அறிவியல் விடை கையில் கிடைத்தும் ஒன்பது வருடம் போனது. அளவீடு மட்டும் போதும் என்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

1970 நவம்பர் 28 அன்று ஒசாகாவில் பங்குதாரர் கூட்டம். நோயாளிகளும் குடும்பத்தாரும் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கியிருந்தார்கள், அதனால் வாசலில் தடுக்க முடியவில்லை. பௌத்த யாத்திரிகர்களின் வெள்ளை உடையில் போய், யாத்திரைப் பாடலைக் கூட்ட அரங்கில் பாடினார்கள். பங்கு என்பது சட்டத்தின் சாவி, பாட்டு இறந்தவர்களுக்கானது. இரண்டும் ஒரே அறையில் இருந்தன. 1973 மார்ச்சில் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் நோயாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது.

உங்கள் ஆலையோ அதன் தாய் நிறுவனமோ பங்குச் சந்தையில் இருந்தால் இங்கேயும் ஒரு பங்கு போதும். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு 21 நாள் முன்னதாக வரும். இணையவழிக் கூட்டம் என்றால் பேசுவதற்குத் தனியாகப் பதிவு செய்யச் சொல்வார்கள், கடைசித் தேதி அறிவிப்பின் பின்பக்கக் குறிப்புகளில் பொடி எழுத்தில் இருக்கும். கேள்வி ஒன்றே ஒன்று, எண்ணோடு: ‘இந்த ஆண்டு எத்தனை டன் உப்பு வாங்கினீர்கள், கழிவுநீரை ஆவியாக்கி எத்தனை டன் உப்பை மீட்டீர்கள்?’ கழிவே விடாத ஆலையில் மீட்ட உப்பு வாங்கிய உப்பைவிட மிகவும் குறையக்கூடாது.

பதில் 5 – மதகடி

அந்த உப்புக் கணக்கு பிரமாதம். தகவல் உரிமையில் வாரியத்திடமும் அதையே கேட்கலாம்: தண்ணீர் உள்ளே எவ்வளவு, மீட்டது எவ்வளவு, கிடங்கில் கலப்பு உப்பு எவ்வளவு. வாரிய ஆய்வறிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், மாதாமாதம் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் யாரும் அளக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. திருப்பணிப் பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்குக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது, கோயில் அறநிலையத் துறைக்குக் கீழே இருந்தால் சொல்லவும் முடியாது. செய்யக்கூடியது ஒன்று. கிராம சபையில் தீர்மானம்: ‘திருப்பணி நன்கொடை ஒரு விஷயம், கழிவுநீர்ப் புகார் வேறு விஷயம். நன்கொடை பெற்றதால் புகார் கைவிடப்பட்டதாகக் கருதப்படாது.’ தமிழ்நாட்டில் வழக்கமான கிராம சபை ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள். தீர்மான நோட்டில் எண் விழுந்ததா என்று நின்று பார்த்து, நகல் வாங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். பணம் ரசீதோடு கோயில் கணக்கில் போகட்டும், தனி ஆள் கையில் வேண்டாம். உபயதாரர் கல்வெட்டு வைப்பார்கள், வைக்கட்டும். குளத்து மடையில் நீரின் அளவீடுகளைக் காட்டும் பலகை ஒன்று நீங்கள் வையுங்கள்.

வடகரை

எல்லாருக்கும் நன்றி. கோயில் நோட்டு யாருக்கும் தோன்றாத விஷயம். ஒரே ஒரு சந்தேகம்: பாட்டிலை மாதிரி நீரிலேயே மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லித்தருவார்களே, அதை இங்கும் செய்யலாமா?

சோதனைக்குழாய்

பி.ஓ.டி., உப்பு, நிறம் பார்க்கும் காலி பாட்டிலை அலசலாம். ஆய்வகமே அமிலம் விட்டுக் கொடுத்த பாட்டிலை அலசக்கூடாது, அமிலம் வாய்க்காலோடு போய்விடும். நிரம்பி வழியவும் விடக்கூடாது, அதே காரணம்தான். தனிக் குவளையில் மொண்டு கழுத்துவரை ஊற்றி மூடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த பாட்டில் மூடியில் சிவப்பு நாடா ஒட்டிவிட்டால் இருட்டில் மாறாது.